கைக்கு ஓய்வில்லை, காலுக்கு வேலை

மன்னார்ப் பகுதியில், பாலாவிக் கரையிலே விளங்கும் திருக்கேதீஸ்வரத்துத் திருவிழாவில் நாதஸ்வரம் ஒலிக்கும்பொழுது கலைஞரின் வாயும் இரு கைகளும் ஒருங்கே உழைக்கின்றன. அக்குழலில் விரல் வைக்கும் துளைகள் ஏழு. அவற்றின் கீழே மேலும் ஐந்து துளைகள் உண்டு. வாசிக்கும்போது அவற்றைக் கவனிக்க விரல் ஏது? ஆகவே முன்னரே மெழுகினால் வேண்டிய அளவு அடைத்து நாதத்தைச் சீர்செய்துகொள்வர்.

கணினி வழியே கிட்டார் வாசிப்பவருக்கும் இதே நெருக்கடிதான். இரு கைகளும் தந்தியில் இருக்க, ஒலியை மாற்றக் கால் ஒன்றே எஞ்சுகிறது. காலால் அழுத்தும் பெடலின் அசைவை மென்பொருளுக்கு உணர்த்துவது 1983ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மிடி’ என்னும் குறிமுறையாகும். அதன் வழக்கமான கட்டளை 0 முதல் 127 வரை 128 படிகளையே அறியும். ஒலியின் முழு வீச்சிலும் அவை பரவினால் படிக்குப் படி ஒலி தாவுவது காதில் விழக்கூடும். மேலெல்லையும் கீழெல்லையும் குறித்து வீச்சைப் பாதியாக்கினால், ஒவ்வொரு படியும் பாதியாகும். ஒலி சீராக நகரும். திசையையும் மாற்ற இடமிருப்பின், ஒரே பெடல் எதிரொலியை உயர்த்திக்கொண்டே கரகரப்பைத் தாழ்த்தவும் இயலும்.

இவ்வசதிகளை மென்பொருள் எவ்வளவு விரிவாகத் தருகிறதோ, அவ்வளவுக்குக் கலைஞரின் கவனம் இசையிலேயே நிற்கும். மெழுகிடுதலைப் போல இவ்வேலையும் மேடையேறுமுன் முடிந்திருத்தல் வேண்டும்.