விஷத்துக்கு ஓர் அடையாளம்

அச்சுக் கலையில் வர்ணமும் எழுத்தும் வெறும் அலங்காரம் என்று எண்ணுவோர் பலர். சில வேளைகளில் மனித உயிரே அவற்றை நம்பி நிற்கிறது.

2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் கலந்த சாராயத்தை அருந்தி அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். மெத்தனாலுக்கு நிறம் இல்லை. கண்ணுக்குச் சாதாரணச் சாராயமாகவே தோன்றும். கள்ளச் சரக்குக்கு எச்சரிக்கைச் சீட்டு ஏது?

சட்டப்படி விற்கும் விஷத்துக்கு அது உண்டு. வயலுக்கு வாங்கும் பூச்சி மருந்துப் புட்டியைப் பாருங்கள். 1971-ஆம் ஆண்டு விதிகளின்படி, சீட்டின் முகப்பில் 16-இல் ஒரு பங்குக்குக் குறையாமல், முனையில் நிற்கும் சதுரம் ஒன்று காணப்படும். அதன் கீழ்ப்பாதியின் வர்ணம் விஷத்தின் கடுமையைச் சொல்லும். சிவப்பு மிகக் கொடியது, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. முதல் இரண்டுக்கும் மேற்பாதியில் சிவப்பு மையில் 'விஷம்' என்ற சொல்லும், சிவப்புக்கு மட்டும் அதனுடன் மண்டை ஓடும் இருக்கும். எழுத்தறியாதவருக்குப் படம், வர்ண பேதம் புலப்படாதவருக்கு எழுத்து, எட்ட நிற்பவருக்கு வர்ணம். ஒன்று தவறினால் மற்றொன்று காக்கும்.

ஆயினும் வர்ணத்தின் பொருள் இடத்துக்கு இடம் மாறும். மஞ்சள் நம் இல்லங்களில் மங்கலம். சீட்டிலோ கொடிய நஞ்சு. பச்சை, சாலை விளக்கில் 'போகலாம்'; சீட்டில் அதுவும் விஷமே. இதைக் குழந்தைகளுக்குச் சொல்லி வைப்பது பெற்றோர் கடமை.

மருந்தை வேறு புட்டியில் ஒருபோதும் ஊற்றி வைக்கலாகாது. ஊற்றிய கணமே விஷம் தன் அடையாளத்தை இழந்துவிடுகிறது.