ஓட்டல்காரர் செய்த ஆகாய விமானம்!

ஓசூருக்குப் பக்கத்தில் பெலகொண்டப்பள்ளி என்ற ஊர் இருக்கிறது. அங்கே விமானத் தொழிற்சாலை உண்டு. விமானம் ஏறி இறங்க ஓடுபாதையும் உண்டு. 6 பேர் உட்காரக்கூடிய சிறு விமானங்களை 1990-களில் அங்கே செய்தார்கள். ஓர் இத்தாலியக் கம்பெனியின் வரைபடமும் துணையும் அவர்களுக்கு இருந்தன.

இவை எதுவும் இல்லாமல், சொல்லிக் கொடுக்க ஆசானும் இல்லாமல், ஒருவர் சென்னையில் விமானம் செய்தார். அதுவும் 1910-ம் ஆண்டிலேயே!

யார் அவர்?

அவர் பெயர் ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ். ஐரோப்பாவில் இருந்து வந்தவர். மவுண்ட் ரோட்டில், அதாவது இன்றைய அண்ணா சாலையில், ஓட்டல் நடத்தினார். கேக், மிட்டாய் செய்வதில் கைதேர்ந்தவர்.

அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் முதன்முதலாகப் பறந்தது 1903 டிசம்பரில். அதன்பின் 7 வருஷம்கூட ஆகவில்லை. விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளிக்கூடம் அப்போது இந்தியாவில் கிடையாது. சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது?

ஏஞ்சலிஸ் தாமே திட்டம் போட்டார். வண்டிகள் கட்டுவதில் பெயர் பெற்ற சிம்சன் கம்பெனியார் அதைச் செய்து கொடுத்தனர். சிறிய என்ஜின் ஒன்றைப் பொருத்தினார்கள்.

உயிரோடு விளையாட்டு

கேக் கருகினால் வேறு கேக் செய்யலாம். விமானத்தில் கணக்குப் பிசகினால்? பாரம் கூடினால் எழும்பாது. எழும்பியபின் ஒரு பக்கம் சாய்ந்தால் உயிர் தப்பாது. ஜெர்மனியில் லிலியந்தால் என்பவர், என்ஜின் இல்லாத மிதவை விமானத்தில் பறந்து, 1896-ல் விழுந்து இறந்தார்.

ஆகவே ஏஞ்சலிஸ் அவசரப்படவில்லை. ஊருக்கு வெளியே பல்லாவரத்தில் முதலில் சோதனை செய்து பார்த்தார். விமானம் பறந்தது! அதன் பிறகே சென்னைத் தீவுத்திடலில் ஜனங்களுக்குப் பறந்து காட்டினார். இது நடந்தது 1910 மார்ச் மாதம்.

இந்தியாவில் முதலில் விமானம் பறந்தது 1910 டிசம்பரில், அலகாபாத்தில் என்றே பலரும் நினைக்கிறார்கள். நம் சென்னைக்காரர் அதற்கு 9 மாதம் முந்திவிட்டார்!

ரைட் சகோதரர்களுக்கும் ஆசான் இல்லை. அவர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். என்ஜின் வைப்பதற்கு முன் 3 வருஷம் மிதவை விமானங்களை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

இன்று வீட்டில் விமானம் செய்கிறவர்களும் உண்டு. மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி மொட்டை மாடியிலேயே ஒன்றைக் கட்டினார். அரசாங்கம் 2017-ல் அதைப் பதிவு செய்தது. இப்போது அனுமதி இல்லாமல் யாரும் பறக்க முடியாது. அது நல்லதுதான்.

ஆசான் இல்லாதவருக்குச் சோதனைதான் ஆசான். முதலில் தரையில், பிறகுதான் வானத்தில்!