இஸ்லாத்தில் இசை: விலக்கும் விலக்கின் எல்லையும்

தமிழை இயல், இசை, நாடகம் என முத்திறமாக வகுத்துப் போற்றியவர் நம் முன்னோர். அவற்றுள் நடுவண் நிற்கும் இசையைச் செவிமடுத்தல் இஸ்லாத்தில் ஆகுமா, ஆகாதா என்னும் வினா நம்மிடையே அடிக்கடி எழுகின்றது. மீமிசல், கோட்டைப்பட்டினம், தொண்டி என நீளும் இக்கடற்கரை ஊர்களில் திருமணக் காலங்களில் அவ்வினா இன்னும் உரத்து ஒலிக்கும். பைத்து ஓதி, தப்ஸ் முழக்கி மணமகனை அழைத்து வருதல் மரபென்பர் ஒரு சாரார். அது முற்றும் விலக்கப்பட்டதென்பர் மற்றொரு சாரார். மணவீட்டில் எப்பாட்டு ஒலித்தால்தான் என்ன என்பாரும் உளர். ஒரே சொல்லில் விடை தேடுவதே இப்பிணக்கிற்கு வேர் என்று நாம் கருதுகின்றோம். மார்க்க மேதைகள் எவரும் இதனை ஒரே வினாவாகக் கொண்டாரல்லர். எதைப் பாடுவது, எக்கருவியுடன், யார், எந்நிலையில் எனப் பகுத்தே அவர்கள் ஆய்ந்தனர்.

திருமறையும் நபிமொழியும்

திருக்குர்ஆனின் லுக்மான் அத்தியாயம் 6-ஆம் வசனம், இறைவழியினின்று மக்களைத் திருப்புதற்காக வீண்பேச்சை விலைக்கு வாங்குவோரைக் கண்டிக்கின்றது. அவ்வீண்பேச்சு பாட்டே என்று விளக்கினார் நபித்தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி). வழிகெடுக்கும் நோக்கத்தையே வசனம் கண்டிக்கின்றது என்றனர் வேறு சிலர். விபசாரம், பட்டு, மது, இசைக்கருவிகள் ஆகியவற்றை ஆகுமாக்கிக் கொள்ளும் கூட்டத்தார் தோன்றுவர் என்னும் நபிமொழி ஸஹீஹுல் புகாரியில், பானங்கள் பற்றிய பகுதியில் இடம்பெறுகின்றது. இதன் அறிவிப்புத் தொடர் அறுபட்டது என்றார் ஸ்பெயின் நாட்டு அறிஞர் இப்னு ஹஸ்ம். அக்கூற்றை மறுத்துத் தொடரின் இணைப்பை நிறுவினார் இப்னு ஹஜர்.

மறுபுறம், பெருநாளன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் சிறுமியர் இருவர் பாடினர். அபூபக்கர் (ரலி) கடிந்தபோது, ஒவ்வொரு சமுதாயத்தார்க்கும் ஒரு பெருநாள் உண்டு எனக் கூறி அவர்களைப் பாடவிடுமாறு பணித்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்). ருபைய்யிஉ (ரலி) என்னும் பெண்மணியின் மணவிழாவில் நிகழ்ந்தது நம் சிந்தனைக்குரியது. தஃப் முழக்கி, பத்ருப் போரில் உயிரீந்தோரைப் புகழ்ந்து பாடிய சிறுமியருள் ஒருத்தி, நாளை நடப்பதை அறியும் நபி நம்மிடையே உள்ளார் எனப் பாடினாள். அதனை விட்டு, முன்பு பாடியதையே பாடுமாறு அண்ணலார் திருத்தினார்கள். அங்கே நிறுத்தப்பட்டது கொட்டு அன்று. கொள்கைக்கு மாறான சொல்.

இமாம்கள் வகுத்த எல்லை

இக்கரையில் ஷாபிஈ, ஹனபீ ஆகிய இரு மத்ஹபினரும் வாழ்கின்றனர். ஷாபிஈ மத்ஹபின் தூணாகிய இமாம் நவவி (மறைவு 1277) தம் மின்ஹாஜ் நூலில், மதுவருந்துவோரின் அடையாளமாகிய தம்பூர், ஊது முதலிய கருவிகளை விலக்குகின்றார். திருமணத்திலும் கத்னாவிலும் தஃப் ஆகும் என்கின்றார். அது பெண்டிர்க்கே உரியது எனச் சுருக்கிய அறிஞரும் உளர். ஆயின் புல்லாங்குழலைப் பற்றி, அதே மத்ஹபின் இமாம் ராபிஈ விலக்கில்லை என்ற இடத்தில், விலக்கு உண்டு என்பதே சரி என்கின்றார் நவவி. இவ்வளவு வேறுபட்டவர் ராபிஈயை ஒதுக்கிவிடவில்லை. அவர்தம் முஹர்ரர் நூலைச் சுருக்கியே மின்ஹாஜை இயற்றினார். கருத்து மாறுபாட்டில் காக்க வேண்டிய பண்பு இதுவன்றோ!

இமாம் கஸ்ஸாலி (மறைவு 1111) தம் இஹ்யாவில், பாட்டுக் கேட்டல் அடிப்படையில் ஆகுமானதே என நிறுவி, அதனை விலக்காக்கும் ஐந்து காரணங்களை எண்ணுகின்றார். பாடுவோரால் இச்சை தூண்டப்படுதல், கருவி குடிகாரர்க்கு உரியதாதல், பாட்டின் பொருள் தகாததாதல், கேட்போனை இச்சை மேற்கொண்டிருத்தல், பொதுமக்கள் அதனையே வாடிக்கையாக்கிப் பொழுதைப் போக்குதல் என்பன அவை. ஐந்தனுள் ஒன்றே கருவியைப் பற்றியது என்பது கருதத்தக்கது.

தமிழில் வாழும் மரபு

தமிழ் முஸ்லிம் புலவர்கள் இசையை வெறுத்து ஒதுக்கினாரல்லர். உமறுப் புலவர் 5027 பாடல்களில் சீறாப்புராணம் பாடினார். காயல்பட்டினம் காசிம் புலவர் அருணகிரிநாதரின் சந்தத்தில் நபிபெருமானார் மீது திருப்புகழ் பாடினார். தொண்டியை அடுத்த குணங்குடியில் பிறந்த மஸ்தான் சாகிபு கண்ணிகளும் கீர்த்தனங்களும் யாத்தார். முனாஜாத்து, சிந்து, கும்மி, தாலாட்டு என நம் புலவர்கள் கையாண்ட வடிவங்கள் பலவும் வாய்விட்டுப் பாடுதற்கென எழுந்தவை. 2015-இல் மறைந்த நாகூர் ஈ.எம். ஹனிபாவின் பாடல்களோ கருவியிசையுடன் ஒலித்தவை. அவற்றை உவந்து கேட்டோரும் உளர், கருவியின் பொருட்டுத் தவிர்த்தோரும் உளர்.

நாம் கொள்ளத்தக்கது

நற்பொருளுடைய பாட்டை இனிய குரலில் பாடுதற்கும், மணவிழாவில் தஃப் முழக்குதற்கும் நபிமொழியிலேயே சான்று உண்டு. ஆபாசம், மது, தொழுகையை மறக்கச் செய்யும் களியாட்டம் ஆகியன எவ்விசையோடு வரினும் விலக்கே. இதில் கருத்து வேறுபாடு இல்லை. பிற கருவிகளைப் பெரும்பான்மை அறிஞர் விலக்கினர், சிலர் இசைந்தனர். பேணுதலை நாடி விலகியிருப்போரைப் பழமைவாதிகள் என இகழ்தலும் தகாது. இசைந்த அறிஞரைப் பின்பற்றுவோரை வழிகேடர் எனத் தூற்றுதலும் தகாது. ஒரு தப்ஸின் பொருட்டு ஒரு ஜமாஅத்து இரண்டாகப் பிளவுபடுமாயின், அவ்விழப்பை எந்த வாதத்தின் வெற்றியும் ஈடுசெய்யாது.

மாணவர்க்கு ஒன்று கூறுவோம். இல்லங்களில் மூதாட்டியர் பாடும் தாலாட்டும் முனாஜாத்தும் ஏட்டில் ஏறாமலே மறைந்து வருகின்றன. அவற்றில் கொள்கைக்கு மாறான சொல் இருப்பின் அண்ணலார் காட்டிய வழியில் அதனைத் திருத்துவோம். எஞ்சியவற்றை எழுதிக் காப்போம். ஆகும், ஆகாது எனத் தீர்ப்புரைக்கும் முன் அப்பாட்டு யாது என அறிதல் கற்றோர் கடன்.