முளையைக் காணும் கண்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. தத்தம் குழந்தையைப் பற்றி இப்பழமொழியைச் சொல்லி மகிழாத பெற்றோர் இலர். ஆனால், முளை மண்ணைப் பிளந்து வெளிவந்து நின்றபோதும் அதனை இன்ன பயிரென்று அறியும் கண் நமக்கு உண்டா என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. களையென்று கருதப்பெற்று வாடிய நற்பயிர்களும் உலகில் பல. பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இக்கேள்வி மற்றவர்க்கினும் முதன்மையானது.

அதற்குக் காரணம் உண்டு. நம் குழந்தை வீட்டில் தமிழ் பேசுகிறது. தெருவில் இந்தியோ மராத்தியோ வங்காளமோ பேசுகிறது. வகுப்பில் ஆங்கிலம் கேட்கிறது. ஏழு வயதுச் சிறுவனிடம் ஆசிரியர் ஒரு வினா எழுப்புகிறார். விடை அவன் உள்ளத்தில் இருக்கிறது. அதனைச் சொல்லும் சொல்தான் நாவில் வந்து நிற்கவில்லை. அதற்குள் அடுத்த மாணவன் சொல்லிவிடுகிறான். இவ்வாறு ஓராண்டு கழிந்தால், “பையன் சற்று மந்தம்” என்னும் குறிப்பு மதிப்பெண் அட்டையில் ஏறிவிடுகிறது. பின்னர் அவனே அதனை நம்பத் தொடங்குகிறான். மற்றொரு புறம், எதனையும் நெட்டுருச் செய்து ஒப்பிக்கும் குழந்தையைப் பேரறிவுடையது என்று நாம் கொண்டாடுகிறோம். இரண்டும் பிழையான கணிப்புகளே. சொல் தடுமாறும் இடத்திலும் கை தடுமாறுவதில்லை. ஆதலின், அறிவுக் கூர்மை மிக்க சிறாரைக் கண்டறியவும் வளர்க்கவும், கையால் செய்து கற்கும் பட்டறைகள் நமக்கு இன்றியமையாதவை என்பதனை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

தேர்வு தவறவிட்டவர்கள்

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் லூயிஸ் டெர்மன் என்பார் 1921ஆம் ஆண்டில் ஒரு பெரும் ஆராய்ச்சியைத் தொடங்கினார். கலிபோர்னியா மாநிலத்துப் பள்ளிச் சிறாருக்கு நுண்ணறிவுத் தேர்வு வைத்து, மிகுந்த எண் பெற்ற ஏறத்தாழ 1,500 பேரைப் பொறுக்கியெடுத்து, அவர்தம் வாழ்நாள் முழுமையும் தொடர்ந்து கவனிக்க ஏற்பாடு செய்தார். பொறுக்கப்பெற்றோருள் பலர் நல்ல நிலையை அடைந்தனர் என்பது உண்மையே. எனினும், அத்தேர்வை எழுதியும் போதிய எண் பெறாமையால் விலக்கப்பெற்ற சிறுவர் இருவர் இருந்தனர். ஒருவர் வில்லியம் ஷாக்லி. மற்றவர் லூயிஸ் ஆல்வாரெஸ். முன்னவர் 1956இலும் பின்னவர் 1968இலும் இயற்பியலுக்கான நோபெல் பரிசு பெற்றனர். தேர்ந்தெடுக்கப்பெற்ற அத்தனை பேருள் ஒருவருக்கேனும் அப்பரிசு கிட்டவில்லை.

அயல்நாட்டுக்குச் செல்வானேன்? நம் கணித மேதை இராமானுசன் 1904இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். கணிதம் ஒன்றிலேயே ஆழ்ந்து ஏனைய பாடங்களில் தவறியமையால் அவ்வுதவித்தொகையை இழந்தார். திறன் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவி நிற்பதில்லை. ஒரு திசையில் ஓங்கி, மறு திசையில் தாழ்ந்தும் இருக்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

ஜோசப் ரென்சுல்லி என்னும் அமெரிக்கக் கல்வியாளர் 1978இல் வேறொரு கருத்தை முன்வைத்தார். சராசரிக்கு மேற்பட்ட திறன், எடுத்த செயலை முடிக்காமல் விடாத ஈடுபாடு, புதிது புனையும் ஆற்றல் ஆகிய மூன்றும் கூடுமிடத்திலேயே மேதைமை தோன்றுகிறது என்றார் அவர். இவற்றுள் பின்னவை இரண்டும் ஒருமணி நேர எழுத்துத் தேர்வில் வெளிப்படுவன அல்ல. கையில் ஒரு பொருளையும் உள்ளத்தில் ஒரு புதிரையும் கொடுத்து, போதிய நேரமும் தந்தால்தான் அவை வெளிப்படும்.

நம் நாட்டு முன்மாதிரிகள்

கையால் கற்பது இந்நாட்டுக்குப் புதிதன்று. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர் மூண்டமையால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கி, நூற்றுக்கணக்கான ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். காந்தியடிகள் 1937இல் வார்தாவில் ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்தார். தலைநகரில் 1956இல் தோன்றிய பால பவனம், பள்ளிக்கு வெளியே சிறார் தம் விருப்பம்போல் செய்து பழக இடம் அளித்தது. அறிவுக் கூர்மை மிக்க மாணவர்களுக்கென்றே புனே நகரில் 1962இல் ஞானப் பிரபோதினி என்னும் அமைப்பு நிறுவப்பெற்றது. மத்தியப் பிரதேசத்து ஹோசங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கி 2002 வரை நடைபெற்ற அறிவியல் கல்வித் திட்டம், சிற்றூர்ப் பிள்ளைகளும் தாமே சோதனை செய்து உண்மை காண வல்லவர் என்று மெய்ப்பித்தது.

அத்திட்டத்தில் ஈடுபட்டவருள் ஒருவர் அரவிந்த் குப்தா. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியியல் பயின்ற இவர், விலையுயர்ந்த கருவிகளை நாடாது, தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் கொண்டே வடிவியல் கற்பிக்கும் வழியைக் கண்டார். பிற்காலத்தில் புனே வானியல் மையத்தைச் சார்ந்த சிறார் அறிவியல் மையத்தில் பல்லாண்டு பணியாற்றினார். 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அவர் காட்டிய அவ்வழியை நம் வீட்டுக் கூடத்திலேயே செய்து பார்க்கலாம். தீக்குச்சிகளின் மருந்து முனையை நீக்கிவிடுக. வால்வு டியூபைச் சிறு துண்டுகளாக நறுக்கி மூட்டாகக் கொள்க. மூன்று குச்சிகளை இணைத்தால் முக்கோணம். நான்கை இணைத்தால் சதுரம். சதுரத்தை ஒரு மூலையில் அழுத்தினால் சாய்ந்துவிடும். முக்கோணமோ எவ்வளவு அழுத்தினும் வடிவு குலையாது. ஏன்? இவ்வினாவை எழுப்பிவிட்டு நாம் வாய் மூடி இருத்தல் வேண்டும். ஒரு குழந்தை சதுரத்திற்குக் குறுக்கே மற்றொரு குச்சியைப் பொருத்த முயலும். அது நீளம் போதாமை கண்டு வியக்கும். மற்றொன்று, 1943இல் திறக்கப்பெற்ற ஹௌரா பாலத்தின் இரும்புச் சட்டங்களில் ஏன் அத்தனை முக்கோணங்கள் என்று கேட்கும். பின்னர், “ஆறே குச்சிகளால் நான்கு முக்கோணங்கள் அமைக்க இயலுமா?” என்று கேளுங்கள். மேசைமேல் பரப்பி வைத்து முயல்வோர் அனைவரும் தோற்பர். குச்சிகளை மேல்நோக்கி நிமிர்த்திக் கூம்பாக்கும் குழந்தையே வெல்லும். அக்குழந்தை வகுப்பில் முதல் மாணவனாக இருக்க வேண்டுவதில்லை, பெரும்பாலும் இருப்பதுமில்லை.

நிழலை அளந்து உலகை அளத்தல்

இனி, புலம்பெயர்ந்து வாழும் நமக்கே சிறப்பாக வாய்த்த ஒரு பட்டறையைக் கூறுவோம். மற்றவர்க்கு அரிதான ஒரு வசதி நமக்கு உண்டு. தில்லியில் நாம், மதுரையில் தாத்தாவும் பாட்டியும். இவ்விரு முனைகளையும் கொண்டு உலகின் சுற்றளவையே கணக்கிடலாம். கிறித்து பிறப்பதற்கு ஏறத்தாழ 240 ஆண்டுகட்கு முன் எகிப்து நாட்டில் எரட்டோஸ்தனீஸ் என்னும் அறிஞர் செய்த கணக்கு இதுவே.

மார்ச்சு 20 அல்லது 21, செப்டம்பர் 22 அல்லது 23 ஆகிய சம இரவுபகல் நாள்களில் ஒன்றைத் தேர்ந்துகொள்க. 100 செ.மீ. நீளக் கோல் ஒன்றைத் தூக்குக்குண்டின் உதவியால் செங்குத்தாக நிறுத்தி, நண்பகலில் அதன் நிழல் மிகக் குறுகும் நேரத்தில் அளந்திடுக. தில்லியில் நிழல் ஏறத்தாழ 54 செ.மீ. இருக்கும். அதே நாளில் மதுரையில் பாட்டி அளந்து தொலைபேசியில் சொல்லும் அளவு 17 அல்லது 18 செ.மீ. ஆகும். கோலையும் நிழலையும் சிறிய அளவில் தாளில் வரைந்து கோணமானியை வைத்தால், தில்லியில் ஏறத்தாழ 28½ பாகையும் மதுரையில் 10 பாகையும் கிடைக்கும். வேறுபாடு 18½ பாகை. இவ்விரு நகரங்கட்கும் இடையே நேர்த்தொலைவு சற்றேறக்குறைய 2,080 கி.மீ.; ரயில் வழித் தொலைவு இதனினும் மிகுதியாதலின் அதனைக் கொள்ளலாகாது. 18½ பாகைக்கு 2,080 கி.மீ. எனின் 360 பாகைக்கு எவ்வளவு? ஐந்தாம் வகுப்புச் சிறுமி போடக்கூடிய இக்கணக்கின் விடை 40,000 கி.மீ.க்கு மிக அருகில் வந்து நிற்கும். உலகின் சுற்றளவும் அதுவே!

சென்னையில் அந்நாளின் நிழல் 23 செ.மீ., மும்பையில் 35, கொல்கத்தாவில் 42 என்று அமையும். இவ்விரு நகரத்து அன்பர்கள் நிலப்படத்தில் தெற்கு வடக்காக உள்ள தொலைவை மட்டுமே கணக்கில் கொள்ளல் வேண்டும். இன்னொரு விந்தையும் இதில் உண்டு. நிழல் மிகக் குறுகுவது கடிகாரம் காட்டும் 12 மணிக்கன்று. மார்ச்சு மாதத்தில் தில்லியில் ஏறத்தாழ 12.30, மும்பையில் 12.45, கொல்கத்தாவில் 11.45. “கடிகாரம் பொய் சொல்கிறதா?” என்று ஒரு குழந்தை கேட்குமாயின், அன்றைய பட்டறை வெற்றி பெற்றது என்க. நாடு முழுமைக்கும் ஒரே நேரம் வகுத்த கதை அங்கே தொடங்கும். சென்னையில் ஏப்ரல் 24ஆம் நாளையொட்டியும் ஆகஸ்டு 18ஆம் நாளையொட்டியும் நண்பகலில் நிமிர்ந்த கோலின் நிழல் அறவே மறைகிறது. மும்பையிலும் கொல்கத்தாவிலும் ஆண்டுக்கு இருமுறை மறைகிறது. தில்லியிலோ என்றுமே மறைவதில்லை. ஏன் என்பதனைச் சிறாரிடமே விட்டுவிடுக.

நடத்தும் முறை

சங்கக் கூடங்களில் இதனை நடத்துவதற்கு வேண்டுவன மிகச் சிலவே. எட்டு முதல் பதினொரு வயது வரையுள்ள சிறார் பன்னிருவர் முதல் பதினைவர் வரை, பெரியவர் இருவர், வாரந்தோறும் இரண்டு மணி நேரம். நுழைவுத் தேர்வு கூடாது. முதல் மாதம் விரும்பிய அனைவரும் வரலாம். எந்தக் குழந்தை நேரம் முடிந்த பின்னும் எழ மனமின்றி அமர்ந்திருக்கிறது, எது வீட்டில் மீண்டும் செய்து பார்த்து அடுத்த வாரம் புதுக் கேள்வியுடன் வருகிறது என்று கவனித்தால் போதும். தேர்வு தானே நடந்துவிடும். கத்தரி, மெழுகுவத்தி போன்றவற்றைக் கையாளும்போது பெரியவர் அருகில் இருத்தல் கட்டாயம்.

நடத்துவோர் பட்டம் பெற்றவராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தச்சு வேலை அறிந்தவர், ஓய்வு பெற்ற பொறியாளர், மின்பணியாளர், கோலமிடும் பாட்டிமார் ஆகிய அனைவரும் ஆசிரியரே. 7 புள்ளியில் தொடங்கி 1 வரை குறையும் நேர்ப்புள்ளிக் கோலத்தில் மொத்தம் எத்தனை புள்ளி? 1, 3, 5, 7, 5, 3, 1 எனக் கூட்டினால் 25. அது நான்கின் வர்க்கமும் மூன்றின் வர்க்கமும் சேர்ந்தது என்பதனைக் கண்டுபிடிக்கும் சிறுமி, பாட்டியின் கோலத்தில் இயற்கணிதத்தின் வாயிலைத் திறந்தவள் ஆவாள். அளவுகளையும் ஐயங்களையும் குறிப்பேட்டில் தமிழிலேயே எழுதச் செய்க. நிழல், கோணம், சாய்வு, எடை என்னும் சொற்கள் செயலோடு சேர்ந்து உள்ளத்தில் பதியும்போது, தனியே மொழி வகுப்பு வைத்தும் வாராத தமிழ் தானே வந்தெய்தும்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். “நீ பெரிய அறிவாளி” என்று குழந்தையைப் புகழாதிருப்பீராக. கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்னும் உளவியலறிஞர் இருவர் 1998இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அறிவைப் புகழ்ந்த சிறார் அடுத்து எளிய கணக்குகளையே நாடினர்; ஒருமுறை தோற்றதும் தளர்ந்தனர். முயற்சியைப் புகழ்ந்த சிறாரோ கடினமானவற்றை விரும்பி ஏற்றனர். ஆதலின், பரிசும் சான்றிதழும் முதல் இடம் இரண்டாம் இடமும் இப்பட்டறைகளில் வேண்டா. “மேதை” என்னும் பட்டம் குழந்தையின் தோளில் ஏற்றப்பெறும் சுமையாகிவிடலாகாது.

திறந்திருந்த ஒரு கதவு

திருச்சிராப்பள்ளியில் பிறந்த இளைஞர் ஒருவர் 1907இல் அரசாங்கக் கணக்குத் துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்றார். நம்மைப் போன்றே பணியின் பொருட்டு வெளியூர் சென்றவர் அவர். அந்நகரின் பௌபஜார் தெருவில், 1876இல் மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருந்தது. அலுவலகம் செல்லுமுன்னும், அலுவலகம் விட்டு வந்த பின்னும் பத்தாண்டுக் காலம் அவ்விளைஞர் அங்கே சோதனைகள் செய்தார். அவரே சர் சி. வி. இராமன். 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் உலகுக்கு அறிவித்த கண்டுபிடிப்பும் அக்கழகத்திலேயே செய்யப்பெற்றது. இராமனின் திறமை அவருடையது. ஆனால், வேலை நேரம் கடந்தும் வெளியூர்க்காரர் ஒருவருக்கு ஒரு கழகத்தின் கதவு திறந்திருந்தது என்பதனை நாம் மறத்தலாகாது.

விழா நாள்களில் மட்டும் விளக்கெரியும் சங்கக் கூடங்கள் நம்மிடையே பல உள்ளன. அவற்றின் கதவுகளையும் ஞாயிறு காலைகளில் திறந்து வைப்போம். ஒரு தீப்பெட்டி, ஒரு கோல், ஒரு பிடி கோலமாவு ஆகியவை போதும். வகுப்பின் கடைசி வரிசையில் வாய்பேசாது அமர்ந்திருக்கும் நம் குழந்தையின் கை என்ன சொல்லப் போகிறது என்பதனை அப்போது காண்போம். தாமதம் வேண்டா, குழந்தைக்கு எட்டு வயது ஒருமுறைதான் வருகிறது.