லைட் பிளக்கில் கரண்ட் அடுப்பு... தாய்மார்களே உஷார்! அடுப்பை விட ஆபத்தானது அதன் பின்னால் இருக்கும் ஒயர்

விழுப்புரம்:-

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர் அபிராமேசுவரர் கோவிலில் உள்ள வட்டப்பாறை சுற்று வட்டாரத்தில் பிரசித்தம். அங்கே பொய் சத்தியம் செய்தால் தண்டனை நிச்சயம் என்பது ஜனங்களின் நம்பிக்கை. பணத் தகராறு, நிலத் தகராறு என்று எகிறிக் கொண்டு வருகிறவர்கள் கூட அந்த பாறையை பார்த்ததும் ஒரு நிமிடம் யோசிப்பார்கள்.

அந்த பயத்தில் கால்வாசி கூட வீட்டு சமையல்கட்டில் இருக்கும் பிளக் பாயிண்ட் மேல் யாருக்கும் இல்லை.

கேஸ் தீர்ந்து விட்டது, சிலிண்டர் வர நாளாகும் என்றால் உடனே பரணில் இருக்கும் கரண்ட் அடுப்பு கீழே இறங்கும். செல்போன் சார்ஜ் போடுகிற பிளக்கில் சொருகி, உலை வைத்து விடுகிறார்கள். சோறு வெந்து விடும். ஒரு நாள், இரண்டு நாள், ஒரு மாதம் கூட ஒன்றும் ஆகாது. அதனால்தான் இது ஆபத்து என்பதே தெரிவதில்லை.

நாலு மிக்சிக்கு சமம்

கரண்ட் அடுப்பு எவ்வளவு இழுக்கிறது என்பதை முதலில் தெரிந்து கொள்ள வேண்டும். ஒரு எல்.இ.டி. பல்பு 9 வாட். மின்விசிறி 75 வாட். மிக்சி 500 வாட். இண்டக்ஷன் அடுப்பை முழு வேகத்தில் வைத்தால் 2,000 வாட். அதாவது நாலு மிக்சியை ஒரே பிளக்கில் ஒரே நேரத்தில் ஓட்டுவது மாதிரி.

2,000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் வரும். ஆனால் சுவிட்ச் போர்டில் இருக்கும் சின்ன பிளக் பாயிண்ட் தாங்குவது 6 ஆம்பியர்தான். அதற்கு பின்னால் சுவருக்குள் போகிற ஒயரும் பெரும்பாலும் லைட்டுக்கும் பேனுக்கும் இழுத்த 1 சதுர மி.மீ. ஒயராகத்தான் இருக்கும். 50 கிலோ தூக்குகிறவன் தலையில் 80 கிலோ மூட்டையை ஏற்றினால் என்ன ஆகும்? கொஞ்ச தூரம் நடப்பான். அப்புறம் விழுவான். ஒயரும் அப்படித்தான். உள்ளேயே சூடாகி, மேல் தோல் இளகி, ஒரு நாள் பொசுங்கும்.

கரண்ட் அடுப்புக்கு என்று தனியாக 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். கடையில் பழக்கத்தில் '15 ஆம்ப் பிளக்' என்று கேட்பார்கள். அதற்கு மெயின் போர்டில் இருந்தே 2.5 அல்லது 4 சதுர மி.மீ. செம்பு ஒயர் நேராக வர வேண்டும். நடுவில் வேறு எதற்கும் பிரிக்கக் கூடாது.

பெரிய பிளக் சின்ன ஓட்டையில் நுழையவில்லை என்று கன்வெர்ட்டர் வாங்கிப் போடுகிறார்கள். சிலர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுகிறார்கள். பிளக் ஏன் நுழையவில்லை என்று யாரும் யோசிப்பதில்லை. நுழையக் கூடாது என்பதற்காகத்தான் அதை பெரிதாக செய்து வைத்திருக்கிறார்கள்.

ஒரு விளக்குக்காக கொடுக்கப்பட்ட குடிசை இணைப்பில் கரண்ட் அடுப்பு போடுவது பற்றி பேசவே வேண்டாம். அந்த லைனுக்கு அந்த சுமை ஆகவே ஆகாது. மேலே கூரை வேறு கீற்று.

சமையல் முடிந்ததும் சுவிட்சை அணைத்து விட்டு, பிளக் தலையை தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு சகஜம். கை வைக்க முடியாமல் சுட்டாலோ, பிளக் ஓட்டை பழுப்பு நிறமாக மாறி இருந்தாலோ, கருகின வாடை வந்தாலோ அன்றோடு அந்த பிளக்கை நிறுத்த வேண்டியதுதான். இதற்கு ஒயர்மேன் வந்து சொல்ல வேண்டும் என்பதில்லை. மூக்கே சொல்லி விடும்.

மூன்றாவது பின் எதற்கு?

மூணு பின்னில் மேலே இருக்கும் பெரிய பின்தான் எர்த். மற்ற இரண்டை விட அது நீளமாகவும் தடிமனாகவும் இருக்கும். சொருகும் போது முதலில் உள்ளே போவது அதுதான். பிடுங்கும் போது கடைசியில் வெளியே வருவதும் அதுதான். காவல்காரன் மாதிரி.

அடுப்புக்குள் ஒரு ஒயர் தோல் உரிந்து தகர உடம்பில் பட்டு விட்டால், அந்த கரண்ட் எர்த் வழியாக மண்ணுக்குள் போய் விடும். எர்த் இல்லை என்றால் அடுப்பின் உடம்பிலேயே காத்துக் கொண்டிருக்கும். யார் தொடுகிறார்களோ அவர்கள் வழியாக பூமிக்கு இறங்கும். ஈரக் கை, வெறுங்கால், தண்ணீர் சிந்திய தரை என்றால் கேட்கவே வேண்டாம்.

"அடுப்பை தொட்டா லேசா சுர்ருனு இழுக்குது, செருப்பு போட்டுக்கிட்டா ஒண்ணும் தெரியல" என்று சொல்லும் பெண்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. அந்த 'சுர்' தான் கடைசி எச்சரிக்கை. எர்த் இல்லை, உள்ளே கசிவு இருக்கிறது என்று அடுப்பே சொல்கிறது. செருப்பு போட்டு சமைப்பது வைத்தியம் கிடையாது. ஒரு நாள் செருப்பை மறந்து விட்டு, ஓடி வரும் குழந்தையை இடுப்பில் தூக்கிக் கொண்டு அடுப்பை தொட்டால்?

போர்டில் மூணு ஓட்டை இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பழைய வீடுகளில் மேல் ஓட்டைக்கு ஒயரே கொடுக்காமல் மூடி இருப்பார்கள். இன்னும் சிலர் நியூட்ரலையே எர்த்தோடு முடிச்சுப் போட்டு 'எர்த் ரெடி' என்று காசு வாங்கிப் போய் விடுவார்கள். இது எர்த்தே இல்லாததை விட மோசம். நியூட்ரல் எங்காவது விட்டுப் போனால் அடுப்பு, கிரைண்டர், பிரிட்ஜ் என்று எல்லாவற்றின் உடம்பிலும் முழு கரண்ட் ஏறி விடும்.

வீட்டுக்கு வெளியே உப்பும் கரியும் போட்டு புதைத்த எர்த் குழி எங்கே இருக்கிறது என்று வீட்டில் உள்ளவர்களுக்கு தெரிந்திருக்க வேண்டும். கத்திரி வெயிலில் மண் காய்ந்து விட்டால் எர்த் வேலை செய்யாது. வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். துளசிச் செடிக்கு ஊற்றும் போது இதற்கும் சேர்த்து ஊற்றலாம்.

பியூஸ் மேல் நம்பிக்கை வைக்காதீங்க

"எங்க வீட்ல டிரிப்பர் இருக்கு, கரண்ட் அடிச்சா விழுந்துடும்" என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். தப்பு. சாதாரண எம்.சி.பி. சுவிட்சும், பியூஸ் கம்பியும் ஒயரை காப்பாற்றத்தான். 6 ஆம்பியர், 16 ஆம்பியர் என்று அதன் அளவுக்கு மேல் போனால்தான் அது விழும். மனுஷன் உயிர் போக அதில் நூறில் ஒரு பங்கு போதும்.

மனிதரை காப்பாற்ற வந்தது ஆர்.சி.டி. என்கிற கருவி. ஆர்.சி.சி.பி. என்றும், பழைய ஆட்கள் இ.எல்.சி.பி. என்றும் சொல்வார்கள். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சரியாக இருக்கிறதா என்று இது கணக்கு பார்த்துக் கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அதாவது ஒரு ஆம்பியரில் நூறில் மூணு பங்கு வேறு வழியில் கசிந்தால் கூட, கண் இமைக்கும் முன் மொத்த வீட்டையும் அணைத்து விடும். தமிழகத்தில் புது மின் இணைப்புக்கு இது கட்டாயம் என்று விதியே வந்து விட்டது. பழைய இணைப்பு வைத்திருக்கும் வீடுகள்தான் இன்னும் அசட்டையாக இருக்கின்றன. இதன் விலை ஏறக்குறைய ஒரு இண்டக்ஷன் அடுப்பின் விலைதான்.

அதில் 'டெஸ்ட்' என்று ஒரு சின்ன பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அமுக்கிப் பார்க்க வேண்டும். டப்பென்று விழுந்தால் நல்லது. விழாவிட்டால் அது சுவரில் மாட்டிய பொம்மை.

அடிக்கடி பியூஸ் போகிறது என்று தடிமனான செம்புக் கம்பியை முறுக்கிப் போடுகிற வீட்டுக்காரர்கள், நாய் குரைக்கிறது என்று அதன் வாயைக் கட்டி விட்டு தூங்குகிறார்கள்.

சுருள் அடுப்பு வேண்டவே வேண்டாம்

மண் தட்டில் ஸ்பிரிங் மாதிரி கம்பி சுற்றி, செக்கச்செவேல் என்று எரியுமே, அந்த பழைய அடுப்பு இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அந்த கம்பியில் ஓடுவது முழு கரண்ட். மூடி எதுவும் கிடையாது. கம்பி தளர்ந்து மேலே எழும்பினால் அலுமினிய குண்டான் அதில் உட்காரும். கஞ்சி பொங்கி வழிந்தாலும் அதே கதிதான். கரண்டியால் கிளறுகிறவர் கைக்கு நேராக வந்து விடும். அறுந்த கம்பியை முறுக்கி ஒட்டுப் போட்டு ஓட்டுவது இன்னும் மோசம். கரண்ட் அடுப்புக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வாங்கும் போது அதை பார்த்து வாங்க வேண்டும்.

இந்த அடுப்பால் வேறொரு வினையும் உண்டு. சமைத்துக் கொண்டிருக்கும் போது கரண்ட் போய் விடும். அடுப்பு அணைந்து விட்டதே என்று சுவிட்சை அப்படியே விட்டு விட்டு வேலைக்கு போய் விடுவார்கள். மதியம் கரண்ட் வரும். ஆள் இல்லாத வீட்டில் அடுப்பு தானாக எரிய ஆரம்பிக்கும். பக்கத்தில் கரித்துணி, பிளாஸ்டிக் டப்பா. கரண்ட் போன அடுத்த நொடியே சுவிட்சை அணைத்து பிளக்கை பிடுங்குவதை பழக்கமாக்க வேண்டும். வாட்டர் ஹீட்டர் கம்பிக்கும் இதே கதைதான். இண்டக்ஷன் அடுப்பு பெரும்பாலும் கரண்ட் திரும்பி வந்தாலும் தானாக எரியாது. அது ஒரு நிம்மதி.

இண்டக்ஷன் வைத்திருப்பவர்கள்

இண்டக்ஷனில் கண்ணாடி தட்டுக்கு கீழே செம்புச் சுருள் இருக்கிறது. அது உண்டாக்கும் காந்த சக்தி பாத்திரத்தின் அடியையே சூடாக்குகிறது. அதனால்தான் அலுமினியம், செம்பு, மண் சட்டி எதுவும் வேலைக்கு ஆகாது. பாத்திரம் வாங்கும் போது ஒரு சின்ன காந்தத்தை அடியில் வைத்துப் பாருங்கள். கெட்டியாக ஒட்டினால் ஆகும்.

சமைத்து முடித்ததும் பிளக்கை உடனே பிடுங்கக் கூடாது. உள்ளே இருக்கும் சின்ன பேன் சூட்டை வெளியேற்ற கொஞ்ச நேரம் ஓடும். அது நின்ற பிறகு அணைக்க வேண்டும். அடியில் நியூஸ் பேப்பர், பிளாஸ்டிக் விரிப்பு போட்டால் காற்று போகிற ஓட்டை அடைபடும். கேஸ் அடுப்பு மேலேயே இண்டக்ஷனை தூக்கி வைப்பதும் கூடாது. அது இரும்பு, சூடாகும்.

இண்டக்ஷன் கெட்டுப் போக கரப்பான்பூச்சியும் ஒரு காரணம். சூட்டுக்கு உள்ளே புகுந்து குடித்தனம் நடத்தும். வாரம் ஒரு முறை பிளக்கை பிடுங்கி விட்டு அடியில் இருக்கும் ஜன்னலை காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுக்கலாம். மேல் கண்ணாடியை ஆறிய பிறகு, பிழிந்த துணியால் துடைத்தால் போதும். குழாயடியில் வைத்து கழுவுகிற ஆட்களும் இருக்கிறார்கள்!

கண்ணாடியில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் அந்த அடுப்பு அவ்வளவுதான். பொங்கி வழிந்த தண்ணீர் விரிசல் வழியாக உள்ளே இறங்கும். டேப் ஒட்டி சமைக்கக் கூடாது.

நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இதன் அருகில் நிற்கும் முன் டாக்டரிடம் கேட்டுக் கொள்ள வேண்டும்.

செலவும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2,000 வாட்டில் அரை மணி நேரம் எரித்தால் ஒரு யூனிட். 2024 ஜூலையில் வந்த கட்டண விகிதப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டை தாண்டி விட்டால் கணக்கே மாறி, கூடுதலாக நாலு யூனிட் ஓடியதற்கு 200 ரூபாய்க்கு மேல் பில் எகிறும்.

வெள்ளத்தில் நனைந்த அடுப்பு

2024 நவம்பர் 30-ந் தேதி இரவு பெஞ்சல் புயல் கரையை கடந்த போது விழுப்புரம் மாவட்டம் பட்ட பாடு யாருக்கும் மறக்காது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து, மிக்சி, கிரைண்டர், அடுப்பு எல்லாம் மிதந்தன.

பம்பை ஆற்றங்கரையில் இருக்கும் திருவாமாத்தூருக்கும், சுற்றியுள்ள ஊர்களுக்கும் மழைக்காலம் என்றால் இந்த கவலை உண்டு. தண்ணீர் வீட்டுக்குள் வரும் என்று தெரிந்தால், காலில் ஈரம் படும் முன்பே மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். தண்ணீரில் நின்று கொண்டு அணைக்கப் போகக் கூடாது. வடிந்த பிறகு, மேலே துடைத்து வெயிலில் காய வைத்து விட்டோம் என்று அடுப்பை சொருகுவது வினை. உள்ளே சேறு ஒட்டி இருக்கும். மெக்கானிக் பிரித்து பார்த்து, சுவர் ஒயரையும் ஒயர்மேன் சோதித்த பிறகுதான் கரண்ட் கொடுக்க வேண்டும்.

யாருக்காவது ஷாக் அடித்து ஒட்டிக் கொண்டால், பாசத்தில் ஓடிப் போய் பிடித்து இழுக்கக் கூடாது. ஒரு சாவு இரண்டு சாவு ஆவது இப்படித்தான். முதலில் மெயினை அணைக்க வேண்டும். முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் தள்ள வேண்டும். பிறகு 108-க்கு போன். அடுப்போ பிளக்கோ தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் மெயினை அணைத்து, மணலை போட வேண்டும். தீயணைப்பு நிலைய எண் 101.

கம்பத்தில் இருந்து வீட்டுக்கு வரும் ஒயரில் கோளாறு, வோல்ட்டேஜ் ஏறி இறங்குகிறது, மீட்டர் பெட்டியில் பொறி வருகிறது என்றால் மின்வாரியத்தின் 'மின்னகம்' எண் 94987 94987. வீட்டுக்குள் இருக்கும் ஒயருக்கு வாரியம் பொறுப்பு கிடையாது. அதற்கு லைசென்ஸ் உள்ள ஒயர்மேனை கூப்பிட்டு, எர்த் இருக்கிறதா என்பதை முதல் வேலையாக பார்க்கச் சொல்ல வேண்டும்.