ஊருக்குப் பொதுவான சைக்கிள்

மணிக்கு இவ்வளவு என்று சைக்கிளை வாடகைக்கு விடும் கடைகள் ஒரு காலத்தில் நம் ஊர்களில் நிறைய இருந்தன. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கடைக்காரர் ஒரு நோட்டில் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்வார். முன்பின் தெரியாதவருக்குச் சைக்கிள் கிடைக்காது. இன்னார் வீட்டுப் பிள்ளை என்று அவருக்குத் தெரியும், அதுதான் பூட்டு.

பல இலட்சம் பேர் வாழும் மாநகரில், ஒருவரையொருவர் அறியாத மனிதர்களுக்கு, கடைக்காரரே இல்லாமல் சைக்கிளை வாடகைக்கு விட முடியுமா? அறுபது ஆண்டுகளாக உலகின் பல நகரங்கள் இதற்கு விடை தேடி வருகின்றன.

முதல் முயற்சி 1965இல் நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் நடந்தது. 'புரோவோ' என்னும் இளைஞர் இயக்கத்தைச் சேர்ந்த லூட் ஸ்கிமல்பென்னிங்க் வகுத்த திட்டம் அது. சில சைக்கிள்களுக்கு வெள்ளை வண்ணம் பூசித் தெருவில் விட்டார்கள். பூட்டு இல்லை, வாடகையும் இல்லை. வேண்டியவர் ஏறிச் சென்று, போய்ச் சேர்ந்த இடத்தில் விட்டுவிடலாம். சைக்கிளைப் பூட்டாமல் விடுவது சட்டப்படி குற்றம் என்று சொல்லிப் போலீசார் அவற்றைப் பறிமுதல் செய்தனர். இளைஞர்கள் சளைக்கவில்லை. எண் பூட்டு ஒன்றை மாட்டி, திறக்கும் எண்ணைச் சைக்கிளின் மீதே எழுதி வைத்தார்களாம்!

1995இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரம் நாணயப் பூட்டைக் கொண்டுவந்தது. 20 குரோனர் நாணயத்தைப் பூட்டில் செருகினால் சைக்கிள் விடுபடும். நிறுத்துமிடத்தில் திரும்பச் சேர்த்தால் நாணயமும் திரும்பும். ஆனால் யார் எடுத்தார் என்பது பூட்டுக்குத் தெரியாது. ஒரு சைக்கிளுக்கு ஒரு நாணயம் மலிவான விலையாயிற்றே! பல சைக்கிள்கள் திரும்பவே இல்லை. ஆகவே அடுத்து வந்த திட்டங்களில் பெயர் பதிந்த அட்டை தேவைப்பட்டது. 2005இல் பிரான்சின் லியோன் நகரிலும், 2007இல் பாரிஸிலும் பெருமளவில் தொடங்கியவை இவ்வகையே. கடைக்காரரின் நோட்டு கணிப்பொறிக்குள் புகுந்தது எனலாம். பாரிஸில் அப்படியும் முதல் சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான சைக்கிள்கள் திருடப்பட்டன, அல்லது உடைக்கப்பட்டன.

நிறுத்துமிடமே இல்லாத சைக்கிள் அதன் பிறகு வந்தது. 2014இல் பெய்ஜிங் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் தொடங்கிய 'ஓஃபோ' நிறுவனத்தின் மஞ்சள் சைக்கிள்கள் சில ஆண்டுகளிலேயே சீன நகரங்களை நிரப்பின. தொடக்கத்தில் இவற்றில் இருந்தது சாதாரண எண் பூட்டுதான். எண் மாறுவதே இல்லை. ஒருமுறை தெரிந்துகொண்டவர்கள் பிறகு காசில்லாமல் ஓட்டினார்கள். எண் தகட்டைச் சுரண்டி, தமக்கு மட்டுமே சொந்தமாக்கிக்கொண்டவர்களும் உண்டு. போட்டி நிறுவனங்களும் சைக்கிள்களைக் கொட்டவே, நடைபாதைகள் அடைபட்டன. அப்புறப்படுத்தியவற்றை நகராட்சிகள் திறந்த வெளிகளில் மலைபோல் குவித்தன. 2018 இறுதியில் ஓஃபோவிடம் முன்பணத்தைத் திரும்பக் கேட்டவர்கள் ஒரு கோடிக்கும் மேல். நம் கோயம்புத்தூருக்கும் 2018இல் இச்சைக்கிள்கள் வந்தன. அதே ஆண்டில் நிறுவனம் இந்தியாவை விட்டே வெளியேறிவிட்டது.

இன்றைய பூட்டு எப்படி வேலை செய்கிறது? சைக்கிளில் ஒட்டியுள்ள கட்டக் குறியீட்டைக் கைப்பேசியால் படம் பிடிக்கிறீர்கள். அந்த எண் இணையம் வழியே நிறுவனத்தின் கணிப்பொறிக்குச் செல்கிறது. அது உங்கள் கணக்கைச் சரிபார்த்துப் பூட்டுக்கு ஆணை அனுப்புகிறது. பூட்டினுள் மின்கலமும் சிறு மோட்டாரும் செயற்கைக்கோள் சைகையை வாங்கும் கருவியும் இருக்கின்றன. ஆகவே சைக்கிள் எங்கே இருக்கிறது என்பதை அது எப்போதும் சொல்ல முடியும்.

சொல்லிவிடுமா? செயற்கைக்கோளிலிருந்து சைகை வந்துசேர எடுக்கும் நேரத்தைக் கொண்டுதான் கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. உயரமான கட்டடங்களுக்கு நடுவே சைகை நேராக வராமல் சுவரில் மோதித் திரும்பி வரும். பாதை 30 மீட்டர் நீண்டால் தாமதம் விநாடியில் ஒரு கோடியில் ஒரு பங்குதான். ஆனால் இடக் கணக்கில் அது பல மீட்டர் பிழையாகிவிடும். நடைபாதையின் அகலமோ இரண்டு மூன்று மீட்டர். சைக்கிள் ஓரமாக நிற்கிறதா, குறுக்கே கிடக்கிறதா என்பது பூட்டுக்குப் புலப்படாது. வெள்ளைக்கோலைத் தட்டிக்கொண்டு வரும் பார்வையற்றவருக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் முக்கியமானது அந்த ஒரு மீட்டர் வித்தியாசம்தான். வண்டியை விட்டதும் அதைப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சில நிறுவனங்கள் கேட்பது இதனால்தான்.

நின்றுகொண்டே ஓட்டும் மின் ஸ்கூட்டரில் வேறொரு சிக்கலும் உண்டு. அதன் சக்கரம் சிறியது. ஆரம் சுமார் 10 செ.மீ. என்று கொள்வோம். சைக்கிள் சக்கரத்தின் ஆரம் சுமார் 35 செ.மீ. இரண்டும் 5 செ.மீ. உயரமுள்ள ஒரு மேட்டில் முட்டி நிற்கின்றன. மேட்டின் விளிம்பைச் சுழல்மையமாகக் கொண்டு திருப்புத்திறனைக் கணக்கிட்டுப் பாருங்கள். அச்சில் கிடைமட்டமாகத் தள்ளி ஏற்ற, சைக்கிள் சக்கரத்துக்கு அதன் மீதுள்ள எடையில் 0.6 மடங்கு விசை போதும். ஸ்கூட்டர் சக்கரத்துக்கு 1.7 மடங்கு வேண்டும்! மேட்டின் உயரம் 10 செ.மீ. ஆனால் எவ்வளவு தள்ளினாலும் ஏறாது. வண்டி நின்றுவிடும், நிலைமம் காரணமாக ஓட்டுபவர் நிற்கமாட்டார். மணிக்கு 20 கி.மீ. என்பது சுமார் 1.6 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் தரையை அடையும் வேகம். ஒருவருக்கான பலகையில் இருவர் ஏறினால், அதே பிரேக் ஏறக்குறைய இரு மடங்கு இயக்க ஆற்றலை அடக்க வேண்டியிருக்கும்.

பாரிஸில் சுமார் 15,000 வாடகை ஸ்கூட்டர்கள் ஓடின. விபத்துகளும் நடைபாதைத் தகராறுகளும் பெருகவே, 2023 ஏப்ரல் 2 அன்று நகராட்சி வாக்கெடுப்பு நடத்தியது. வாக்களித்தவர்களில் சுமார் 89 விழுக்காட்டினர் வேண்டாம் என்றனர். ஆனால் வாக்களிக்க வந்தவர்களோ நூற்றுக்கு எட்டுப் பேர்கூட இல்லை! எப்படியோ, அந்த ஆகஸ்டு இறுதியோடு ஸ்கூட்டர்கள் போய்விட்டன.

பொதுச் சைக்கிள்கள் தொடர்ந்து ஓடுகின்றன. பாரிஸ் மக்கள் அவற்றில் தாங்களாகவே ஒரு வழக்கத்தை உண்டாக்கியிருக்கிறார்கள். பழுதான சைக்கிளைத் திரும்ப நிறுத்தும்போது அதன் இருக்கையைப் பின்பக்கமாகத் திருப்பிவிடுவார்கள். அடுத்து வருபவர் அதைத் தொலைவிலிருந்தே கண்டு, வேறொன்றை எடுத்துச் செல்கிறார்.