மிகையாய்ப் பிறந்த உயிர்கள்

2014ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 9ஆந் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. டென்மார்க் நாட்டின் தலைநகராகிய கொப்பன்ஹேகனிலுள்ள மிருகக்காட்சிச்சாலையில், ஏறக்குறைய இரண்டு வயதுடைய மாரியஸ் என்னும் ஒட்டகச்சிவிங்கிக்கு ரொட்டித் துண்டொன்று நீட்டப்பட்டது. அது தலையைத் தாழ்த்தி வாங்கித் தின்றுகொண்டிருக்கையிலே சுட்டுக் கொன்றார்கள். ஊசிமருந்து ஏற்றினால் இறைச்சி பயன்படாதன்றோ! பின்னர், சிறுவரும் பெற்றோரும் சூழ்ந்து நின்று பார்க்க, உடலைக் கூறுபோட்டு விளக்கினர். இறைச்சியில் ஒரு பகுதி சிங்கங்களுக்கு இரையாயிற்று.

மாரியஸுக்கு நோய் யாதுமில்லை. அது செய்த பிழையெல்லாம், அதனையொத்த மரபணுக்களை உடைய உறவினர் ஏற்கனவே மிகுதியாய் இருக்கப் பிறந்தமையே. ஐரோப்பிய மிருகக்காட்சிச்சாலைகள் ஒன்றுகூடி இனப்பெருக்கத் திட்டமொன்றை நடத்துகின்றன. நெருங்கிய இரத்த உறவுக்குள் கலப்பு நேர்ந்தால் வருங்காலச் சந்ததி நலிவுறும் என்பது அவர்கள் அச்சம். அவ்வச்சம் பொய்யன்று. இங்கிலாந்திலுள்ள யோர்க்‌ஷயர் வனவிலங்குப் பூங்கா மாரியஸை ஏற்க முன்வந்தது. அவ்விடம் மரபணுச் சிறப்பு மிக்க வேறொரு விலங்குக்கே உரியதென மறுத்தனர். தனவந்தர் ஒருவர் ஐந்து இலட்சம் யூரோ தருவதாகச் சொன்னார், அதனையும் மறுத்தனர். 27,000க்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட விண்ணப்பமும் பயன்படவில்லை. (அதே சிங்கங்கள் நாள்தோறும் தின்னும் இறைச்சி எந்த விலங்கினது என்று ஒருவரும் கேட்டிலர். அவற்றுக்குப் பெயர் இல்லைப் போலும்!)

எனினும், பணத்தை மறுத்த ஒரு செயலுக்காக அவர்களை நான் மதிக்கின்றேன். ஏனெனில், விற்பவர் கதை இதனினும் இருண்டது. சான் ஹோசே மேர்க்கரி நியூஸ் என்னும் அமெரிக்கப் பத்திரிகை 1999இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டது. 1992 முதல் 1998இன் நடுப்பகுதிவரை, அந்நாட்டின் அங்கீகாரம் பெற்ற மிருகக்காட்சிச்சாலைகளிலிருந்து வெளியேறிய 19,000க்கு மேற்பட்ட பாலூட்டிகளில் நூற்றுக்கு 38 வரையிலானவை வியாபாரிகள், ஏலக்காரர், வேட்டைப் பண்ணைகள், அங்கீகாரமற்ற காட்சிச்சாலைகள் முதலிய இடங்களைச் சென்றடைந்தன. குட்டியாய் இருந்தபோது குழந்தைகள் கைகொட்டி மகிழ்ந்த மான், வளர்ந்தபின் வேட்டைக்காரனின் துப்பாக்கிமுன் நிற்பதற்கும் இடமுண்டு. கொப்பன்ஹேகனில் நடந்ததை உலகம் கண்டது. இதனைக் கண்டவர் யார்?

விலங்கு வாணிகத்துக்கும் காட்சிச்சாலைக்கும் உள்ள உறவு பழையது. நமது தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையே, ஜோன் ஹாகன்பெக் என்னும் ஜேர்மானிய வியாபாரி பிறநாடுகளுக்கு அனுப்புதற்காக விலங்குகளைச் சேர்த்து வைத்த இடமாகத் தொடங்கியதாகும். அவர் நிறுவனம் நொடித்தபின், 1936இல் அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்றது.

அஃதிருக்க, மிகை எங்கிருந்து வருகின்றது? குட்டி பிறந்த செய்தி பத்திரிகையில் வந்தால் வாயிலிற் கூட்டம் நெருக்குண்ணும். நாமும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகின்றோம். அக்குட்டிக்கு இரண்டு வயதாகும்போது எங்கே இருக்கும் என்று எவரும் வினவுவதில்லை. கருத்தடை மருந்துகளால் தீங்கு விளையக்கூடும். குட்டியை வளர்ப்பது விலங்கின் இயற்கை. அதனைப் பறித்தல் தகாது என்பது டென்மார்க்காரர் வாதம். நெடுங்காலம் ஈனாத பெண்விலங்கு சிலவேளை மலடாகிவிடும் என்பதும் உண்மையே. ஆனால் ஒட்டகச்சிவிங்கியின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 15 மாதம். ஆணையும் பெண்ணையும் ஒரு வேலிக்குள் விடுவதற்கு முன்னரே, பிறக்கப்போவதற்கு இடமுண்டா என்று கேட்டிருக்கலாகாதா? கொல்லலாமா, விற்கலாமா என்று பின்னர் வாதிடுவோர் அந்த முதல் நாளை மறந்துவிடுகின்றனர்.

கருத்தடையை முயன்றவர்களும் இடர்ப்பட்டதுண்டு. ஜேர்மனியின் நியூரம்பேர்க் நகரில், 25 பபூன் குரங்குகளுக்கெனக் கட்டிய மனையில் 40க்கு மேற்பட்டவை பெருகின. கருத்தடை பலிக்கவில்லை. 2025ஆம் ஆண்டு யூலை மாதம் 29ஆந் திகதி அவற்றுள் 12 குரங்குகளைக் கொன்றனர். அன்று பார்வையாளர் எவரும் அழைக்கப்படவில்லை. காட்சிச்சாலையின் வாயில் மூடப்பட்டிருந்தது.